அப்பாவுக்குப் போட்ட நாற்காலி

ஈப்போவில் நான் படித்த மிஷன் பள்ளியில் வருடக் கடைசியில் ஒரு நாள் பெற்றோரைக் கூப்பிடுவார்கள். தலைமையாசிரியையின் அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு பிரம்பு நாற்காலி போட்டிருக்கும். ஒவ்வொரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ அதில் வந்து உட்கார வேண்டும். மகள் என்ன படித்தாள், எதில் கெட்டிக்காரி, எதில் மக்கு, அடுத்த வருடம் என்ன படிக்கப் போகிறாள் என்று தலைமையாசிரியை ஆங்கிலத்தில் சொல்வார். அவர் வெள்ளைக்காரர், நாங்கள் மிஸ்ஸியம்மா என்போம். பக்கத்தில் நிற்கும் யாழ்ப்பாணத்து டீச்சர் அதைத் தமிழில் சொல்வார். காகிதத்தில் எழுதி அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. அனுப்பினால் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயங்களில் அது அடுப்புப் பற்றவைக்கத்தான் உதவும் என்று மிஸ்ஸியம்மாவுக்குத் தெரிந்திருந்தது. தாய் தகப்பன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன் என்று பிடிவாதமாக இருந்தார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் விஷயத்தில் அந்த நல்ல ஏற்பாடு செய்து வைத்த கோலத்தை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் தோட்டம் ஜெலாப்பாங்கைத் தாண்டி உள்ளே இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். ரப்பர் விலை ஏறினால் வெள்ளைக்காரத் துரை சிரிப்பார், இறங்கினால் எங்களை வேலை வாங்கும் கங்காணி உறுமுவார். எங்கள் சட்டியில் அதிகம் வித்தியாசம் தெரியாது. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். விடியுமுன் தப்படித்து எழுப்புவார்கள். எழுந்தவுடன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். யார் வந்திருக்கிறார்கள், யாருக்கு எந்த நிரை மரங்கள் என்று கங்காணி பெயர் கூப்பிட்டுச் சொல்வார். பிறகு மரத்துக்கு மரம் குனிந்தும் நிமிர்ந்தும் வெட்டு. அது முடிந்தால் பாலை நிறுக்கும் கொட்டகையில் வரிசை. சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் வரிசை. தோட்டத்தில் உட்காருகிறவர்கள் இரண்டே பேர், துரையும் கணக்கெழுதும் கிராணியும். எங்களையெல்லாம் ஆட்டிப்படைத்த கங்காணிகூட துரைக்கு முன்னால் போனால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். இதையெல்லாம் நான் அப்போது கவனித்தேன் என்று சொன்னால் பொய். அம்மா கவனித்திருந்தாள்.

வெள்ளைக்காரரிடம் எது பேசுவதானாலும் கங்காணி மூலமாகத்தான் பேச வேண்டும். கூரை ஒழுகுகிறதா, கங்காணியிடம் சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்து வேலைக்குப் போக முடியவில்லையா, அதையும் அவர்தான் துரையிடம் சொல்வார். அவர்தான் ஊரிலிருந்து எங்கள் ஆட்களைக் கப்பலேற்றிக் கூட்டி வந்தவர். தம் கூட்டத்தில் உள்ள பெரியவர்களை ‘நம்ம ஆளு’ என்பார், சின்னவர்களை ‘நம்ம புள்ள’ என்பார். அவரைத் தாண்டித் துரையிடம் நேரே போன ஒருவனை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அடுத்த மாதம் அவன் அந்தத் தோட்டத்தில் இல்லை.

நான் பள்ளிக்கூடம் போனதும் அப்படித்தான் நடந்தது. மிஸ்ஸியம்மா கண்வலிக்கு மருந்து போட எங்கள் லயத்துக்கு வந்தார். மருந்து எரிகிறது, எதைப் போட்டீர்கள், ஏன் எரிகிறது என்று நான் விடாமல் கேட்டேன். மற்ற பிள்ளைகள் அழுதார்கள், நான் கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். அவர் துரையிடம் என்னைக் கேட்டார், துரை கங்காணியிடம் சொன்னார், கங்காணி பெரட்டில் அப்பாவிடம் சொன்னார். அனுப்புகிறாயா என்று கேட்கவில்லை, அனுப்பு என்றார். அப்பாவுக்கு ஒரே பயம், என்னைக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிடுவார்களோ என்று. தகரப் பெட்டியில் துணிக்கு அடியில் விபூதிப் பொட்டலம் ஒன்றை வைத்து, யாரும் பார்க்காதபோது பூசிக்கொள் என்றார். நான் எல்லோரும் பார்க்கும்போதுதான் பூசினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை.

விடுதியில் தங்கிப் படித்தேன். பெரிய விடுமுறைக்குத்தான் வீடு. அம்மாவுக்கு என் படிப்பைப் பற்றி ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. அங்கே என்னை உட்கார வைக்கிறார்களா, நிற்க வைக்கிறார்களா? நான் உட்கார்ந்துதான் படிக்கிறேன் என்று சொன்னால் தலையை ஆட்டுவாள். ஆனால் நம்பமாட்டாள். வீட்டுக்கு வந்த பிள்ளை பட்ட கஷ்டத்தைச் சொல்லாது என்பது அவள் எண்ணம்.

முதல் வருடக் கடைசியில் பெற்றோரை வரச்சொல்லித் தோட்டத்துக்குச் செய்தி வந்தது. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. வெள்ளைக்கார அம்மா கூப்பிடுகிறார் என்றால் போக வேண்டியது கங்காணி. அப்பாவுக்கும் அதுதான் சரி, அம்மாவுக்கும் அதுதான் சரி, எனக்கும் அது விநோதமாகப் படவில்லை. கங்காணி கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். பிள்ளைகள் எல்லோரும் வராந்தாவில் நிற்க வேண்டும், உள்ளே பேசுவது காதில் விழாது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதலில் நாற்காலியின் விளிம்பில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். மிஸ்ஸியம்மா ஏதோ சொல்லிச் சிரித்ததும் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். கடைசியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். வெள்ளைக்காரருக்கு எதிரில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெளியே வந்தபோது என் தலையில் கை வைத்தார். அதுவரை அவர் என்னைத் தொட்டதே இல்லை.

மறுநாள் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடித்த கையோடு, எல்லோர் முன்னாலும் அப்பாவிடம் செய்தி சொன்னாராம்.

“உம் மக கணக்குல கெட்டி. இங்கிலீசு சுமாரு. கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்காம். வாய் கொஞ்சம் நீளம், அடக்கி வை.”

பூகோளத்தில் நான்தான் முதல். அது அவருக்கு மறந்துபோயிருக்கும், அல்லது பூகோளம் என்றால் என்னவென்று அவருக்கும் தெரிந்திருக்காது. நான் நிறையக் கேள்வி கேட்கிறேன் என்று மிஸ்ஸியம்மா பாராட்டிச் சொன்னது, தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் வாய் நீளம் என்று ஆகிவிட்டது. அப்பா அன்றைய நிரையை வாங்கிக்கொள்வதுபோல் அதையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். விடுமுறைக்கு நான் வந்ததும் அந்த வாய்க்காக ஒரு பாட்டம் திட்டு விழுந்தது. பெண்கள் வரிசையில் நின்ற அம்மா மட்டும், எம் மகளை அங்கே உட்கார வைக்கிறார்களா என்று சத்தமாகக் கேட்டுவிட்டாளாம். பின்னே தலைகீழாகவா தொங்கவிடுவார்கள் என்றாராம் கங்காணி. வரிசை முழுக்கச் சிரித்தது. அம்மா அந்தச் சிரிப்பை மறக்கவே இல்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கப்போகும் சமயம், யாழ்ப்பாணத்து டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். அடுத்து ஆறும் ஏழும் படிக்க வைத்து, அதன் பிறகு சின்ன வகுப்புகளுக்கு உதவி ஆசிரியையாக என்னை வைத்துக்கொள்ள மிஸ்ஸியம்மா எண்ணியிருக்கிறார், பெற்றோர் வரும் நாளில் அப்பாவிடம் சம்மதம் கேட்பார் என்றார். அப்பா சரி என்றால் போதும், வேறு ஒரு தடையும் இல்லை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா வேண்டாம் என்று சொல்வார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. திட்டுவாரே தவிர, நான் வாசிப்பதைக் கேட்க, மரம் வெட்டும் உளியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டு உட்காருவார்.

அந்த நாளும் வந்தது. வழக்கம்போல் கங்காணி வந்தார், வழக்கம்போல் சாய்ந்து உட்கார்ந்தார். பேச்சு அன்றைக்கு நீண்டது. மிஸ்ஸியம்மா முகத்தில் சிரிப்பு இல்லை. டீச்சர் ஒரு தடவை ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு உடனே பார்வையை விலக்கிக்கொண்டார். வெளியே வந்த கங்காணி, பெட்டியை எடு என்றார். நான் டீச்சரிடம் ஓடினேன்.

“அப்பா சொல்லிப்போட்டார், பிள்ளை. நாங்கள் என்ன செய்ய ஏலும்?” என்றார் அவர். என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அப்பாவின் முடிவைத்தான் கங்காணி கொண்டுவந்து சொல்லியிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். வண்டியில் போகும்போது கங்காணியும் அதையே சொன்னார்.

“உங்கப்பன் போதும்னுட்டான். வயசுக்கு வரப்போற புள்ள. இனிமே களை எடுக்கப் போ.”

ஜெலாப்பாங் வரும்வரை அழுதேன். பிறகு அழுகை நின்று கோபம் வந்தது. கோபம் எனக்கு எப்போதும் அழுகையைவிட அதிக நாள் தங்கும்.

வீட்டுக்கு வந்தால் அங்கே சர்க்கரைப் பொங்கல். அம்மா வெல்லம் வாங்கி, லயம் முழுக்க இலையில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் களை எடுக்க வந்ததற்குப் பொங்கலா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பங்கைத் தொடவில்லை. அப்பாவோடு பேசவில்லை. கேட்டதற்கு ஆமாம், இல்லை, அவ்வளவுதான். மறுநாளே பெரட்டில் நின்றேன். களை எடுக்கும் பெண்களோடு அனுப்பினார்கள். அட்டைக்கடியும் கைக் கொப்புளமும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எப்படி மனசு வந்தது இந்த மனுஷனுக்கு என்றுதான் உள்ளே கறுவிக்கொண்டிருந்தேன். அவரோ, படித்த பெண், இனி நம்மோடு எப்படிப் பேசுவாள் என்று நினைத்து ஒதுங்கி ஒதுங்கிப் போனார். ஒரே அறையில், ஒரே சட்டிச் சோற்றைத் தின்றுகொண்டு, வாரக்கணக்காக இப்படி இருந்தோம்.

உண்மை தண்ணீர்க் குழாயடியில் வெளியே வந்தது. ஒரு காலை அம்மாவும் நானும் குடம் வைத்துக் காத்திருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா, ஏன் இந்தப் பெண்ணைத் திரும்பக் கூட்டி வந்தீர்கள், இன்னும் கொஞ்சம் படிக்க வைத்திருக்கலாமே என்றாள்.

அம்மா நிமிர்ந்து நின்று சொன்னாள்: “படிக்கிறதுக்கு அங்க இன்னும் என்ன இருக்கு? எல்லாத்தையும் படிச்சு முடிச்சிட்டா. இதுக்கு மேல இந்த ஸ்கூல்ல இல்லன்னு வெள்ளக்காரம்மாவே சொல்லி அனுப்பிட்டாங்க.”

நான் குடத்தைக் கீழே வைத்தேன். ஆறாவது இருக்கிறது, ஏழாவது இருக்கிறது, என்னை டீச்சராக்கப் போவதாகச் சொன்னார்கள், அப்பாதானே போதும் என்றார் என்று கேட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள். குழாயில் வந்துகொண்டிருந்த தண்ணீர் குடம் நிரம்பி வழிந்தது. அதை நகர்த்த வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

“உங்கப்பா யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலடி,” என்றாள். “யாரும் கேக்கவும் இல்ல.”

கங்காணி ஏன் அப்படிச் செய்தார் என்று கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. அந்த வருடம் ஆள் பற்றாக்குறை. துரை கங்காணியை நெருக்கினார். வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குப் பங்கு உண்டு. தம் கூட்டத்துப் பிள்ளை ஒன்று தலையெண்ணிக்கையில் சேராமல் பட்டணத்தில் இருப்பது அவருக்கு நஷ்டம். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது என்றார். அதற்கு முன்பே, கிளம்பிய அன்று காலைப் பெரட்டில், படிப்பு முடிந்துவிட்டது, கூட்டி வரப் போகிறேன் என்றார். என்னிடம் அப்பன் போதும் என்றான் என்றார். மூன்று இடத்தில் மூன்று கதை. நாங்கள் மூவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள மாட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கணக்கு ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது.

அப்பாவிடம் அம்மா விஷயத்தைச் சொன்னபோது அவர் உளி தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டுவதை நிறுத்தவில்லை. கங்காணி சொன்னால் ஏதாவது காரணம் இருக்கும் என்றார். ஒரு தடவை நாமே போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்றாள் அம்மா.

“கங்காணி இல்லாமயா?” என்றார் அப்பா. அவர் குரலில் இருந்தது நிஜமான பயம். இருட்டில் தனியாகக் காட்டுக்குப் போகச் சொன்னதுபோல் கேட்டார்.

அம்மா விடவில்லை. சம்பளம் போட்ட மறுநாள் தோட்டத்துக்கு விடுமுறை. அன்றைக்கு லயமே சாமான் வாங்க ஈப்போவுக்குப் போகும். யார் எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்த நாளைப் பிடித்துக்கொண்டு மூவரும் கிளம்பினோம். அப்பா வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பசார் வந்ததும், கொஞ்சம் மிளகாயும் புளியும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்றார். அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பள்ளியில் பாடம் நடந்துகொண்டிருந்தது. அம்மா உள்ளே வரக் கூச்சப்பட்டு வராந்தாவிலேயே நின்றுவிட்டாள். நானும் அப்பாவும் மிஸ்ஸியம்மாவின் அறைக்குப் போனோம். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். அப்பா உட்காரவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசலுக்குப் பக்கத்தில், பெரட்டில் நிற்பதுபோல் நின்றார்.

டீச்சர் என்னிடம் கேட்டார்: “இவர் ஆர், பிள்ளை?”

“எங்க அப்பா.”

அவர் அதை ஆங்கிலத்தில் சொல்லவில்லை. என்னையே பார்த்தார். “அப்ப, ஒவ்வொரு வருஷமும் வந்து போனவர்?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவ்வளவு காலமும் கங்காணியைத்தான் என் அப்பா என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். முதல் நாள், பிள்ளை உங்களுடையதுதானே என்று கேட்டதற்கு, நம்ம புள்ளதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். தோட்டத்தில் எல்லாப் பிள்ளையையும் அவர் அப்படித்தான் சொல்வார். அதில் முதலில் ஏமாற்று இருந்ததா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வருடா வருடம் வந்து அந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டது தெரிந்து செய்ததுதான். துரை முன்னால் ஆயுள் முழுக்க நின்றவருக்கு, ஒரு வெள்ளைக்கார அம்மா எதிரில் உட்கார்ந்து, ஒரு பிள்ளையின் தகப்பனாக மரியாதை வாங்குவது ருசித்திருக்கும். என் அப்பாவுக்குப் போட்ட நாற்காலி அது.

டீச்சர் இப்போது எல்லாவற்றையும் மிஸ்ஸியம்மாவிடம் சொன்னார். மிஸ்ஸியம்மாவின் முகம் சிவந்தது. அந்த மனிதர் யார் என்று அப்பாவைக் கேட்கச் சொன்னார்.

“அவரு எங்க கங்காணிங்க,” என்றார் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு. “அவரு சொன்னா நாங்க சொன்ன மாதிரிதாங்க.”

அப்படியானால் பெண்ணை நிறுத்திவிடுவதுதான் உங்கள் விருப்பமுமா என்று கேட்டார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை போதும். அவர் துண்டை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டார். பிறகு சொன்னார்.

“கங்காணி சொன்னதுதாங்க.”

அந்த நிமிஷம் நான் அவரை வெறுத்தேன். இதற்காகவா இவ்வளவு தூரம் நடந்து வந்தோம் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அவருக்கு முன்னால் அப்போது என்னென்ன நின்றன என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. லயத்து அறை நின்றது, அரிசி நின்றது, அடுத்த நாள் பெரட்டு நின்றது, துரையிடம் நேரே போன அந்த ஆள் காலி செய்துவிட்டுப் போன வீடு நின்றது. இங்கே சொல்லும் வார்த்தை பொழுது சாயுமுன் தோட்டத்துக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். மிஸ்ஸியம்மாவுக்கு அது தெரியாது. அவர் பாவம், ஒரு தகப்பனிடம் கேட்டால் தகப்பன் சொல்வான் என்று நம்பிக் கேட்டார்.

அப்போதுதான் அம்மா உள்ளே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. இவ்வளவு நேரமும் வராந்தாவில் நின்று பக்கத்து வகுப்பை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நேராக டீச்சரிடம் போனாள்.

“அந்தப் புள்ளைங்க நாள் பூரா அப்படியே உக்காந்துதான் இருக்குமா?”

ஆமாம் என்றார் டீச்சர்.

“எந்திரிச்சு நில்லுன்னு யாரும் சொல்ல மாட்டாங்களா?”

பாடம் ஒப்பிக்கும்போது கொஞ்ச நேரம் எழுந்து நிற்பார்கள், உடனே உட்கார்ந்துவிடுவார்கள் என்றார் டீச்சர். என் மகள் எங்கே உட்காருவாள் என்று அம்மா கேட்டாள். டீச்சர் எங்களை வகுப்புக்குக் கூட்டிப்போய் ஜன்னலோரத்து பெஞ்சைக் காட்டினார். அம்மா அதைக் கையால் தடவிப் பார்த்தாள். பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அதில் உட்கார்ந்தும் பார்த்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளுக்கு அதெல்லாம் இல்லை. எழுந்து, மறுபடி அந்த அறைக்கு வந்து, மிஸ்ஸியம்மாவைப் பார்த்தே சொன்னாள்.

“எம் மக இங்கயே இருக்கட்டும். கங்காணிக்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

டீச்சர் அப்பாவின் பக்கம் திரும்பினார். அப்பா இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை ஒரு கக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டார்.

“அவ சொல்றதும் நான் சொல்றதுதாங்க,” என்றார்.

அன்றே என்னை அங்கே விட்டுவிட்டுப் போனார்கள். என் தகரப் பெட்டிகூட இல்லை, உடுத்தியிருந்த பாவாடையோடு இருந்துவிட்டேன்.

கங்காணி கத்தவில்லை, அடிக்கவில்லை. அவருக்கு வேறு வழிகள் இருந்தன. அப்பாவின் நிரையை மாற்றி, மேட்டில் இருந்த கிழட்டு மரங்களைக் கொடுத்தார். வெட்டி வெட்டிப் பட்டையே இல்லாத மரங்கள். பால் குறைந்ததும் சோம்பேறி என்றார். அம்மா நிறுக்கக் கொண்டுவந்த பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பெரட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார். சில மாதம் தாங்கிப் பார்த்துவிட்டு, இருவரும் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கமுந்திங் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். ரயிலேறப் போகும் வழியில் பள்ளி வாசலுக்கு வந்திருக்கிறார்கள். பாட நேரம், பிள்ளையைக் கூப்பிட முடியாது என்று காவல்காரர் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்துதானே இருக்கிறாள், எழுப்ப வேண்டாம் என்றாளாம் அம்மா. எனக்காக விட்டுப்போன பொட்டலத்தை மத்தியானம் காவல்காரர்தான் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே முறுக்கும், புதிதாக ஒரு விபூதிப் பொட்டலமும் இருந்தன.

அதற்குப் பிறகு எனக்காக யாரும் வரவில்லை. கமுந்திங் அவர்களுக்கு வெகுதூரம். புதுத் தோட்டத்தில் உடனே லீவு கேட்க முடியாது. பெரிய விடுமுறையிலும் நான் விடுதியிலேயே இருந்தேன். வருடக் கடைசியில் அந்த நாள் வந்தால் மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் வருவார்கள், அம்மாக்கள் வருவார்கள். என் முறை வந்ததும் மிஸ்ஸியம்மா என்னையே உள்ளே கூப்பிடுவார். நாற்காலி காலியாக இருக்கும், நான் அதன் பக்கத்தில் நிற்பேன். என் கணக்கு, என் ஆங்கிலம், என் கையெழுத்து எல்லாவற்றையும் என்னிடமே சொல்வார். நானே ஆங்கிலம் புரிந்துகொள்ளும் பெண், ஆனாலும் டீச்சர் வழக்கப்படி ஒவ்வொன்றையும் தமிழில் சொல்வார். கடைசியில், “அம்மாவைக் காணேக்க சொல்லு” என்பார், பார்க்கும்போது சொல் என்று. நான் ஒன்றுவிடாமல் மனதில் போட்டுக்கொள்வேன். படிப்பைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு அந்தப் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை தெரியாமல் போயிற்று. அந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மேல் காட்டினேன். விடுதியில் என்னோடு சண்டை போடாத பிள்ளையே இல்லை.

ஏழாவது முடித்து, சின்ன வகுப்புக்கு உதவி ஆசிரியையாக நின்ற பிறகுதான் முதல் தடவையாகக் கமுந்திங் போக முடிந்தது. தைப்பிங்கில் இறங்கி விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். அப்பா மரத்துக்குப் போயிருந்தார். அம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள். மலைக்காய்ச்சல், விட்டுவிட்டு வருகிறது என்றாள் பக்கத்து அறைக்காரி. அவ்வளவு பெரிய அம்மா பாயில் பாதிகூட இல்லை. என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். உட்காருடி என்றாள், முதல் வார்த்தையாக.

நான் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும், வருடவாரியாக, டீச்சர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். பூகோளத்தில் முதல், கணக்கில் இரண்டாவது, கையெழுத்து இப்போது யாரும் குறை சொல்ல முடியாது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது கேட்டாள்.

“அந்தச் சன்னலோர பெஞ்சிலதான் இன்னும் இருக்கியா?”

“இல்லம்மா. இப்ப பெஞ்சு இல்ல. முன்னால நிக்கிறேன்.”

நான் பெருமையாகத்தான் சொன்னேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

“நிக்கிறியா? நாள் பூராவா?”

“ஆமாம்மா.”

அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். மெல்ல ஒருக்களித்து எழப் பார்த்தாள், முடியவில்லை.

“என்னடி தப்புப் பண்ணுன?” என்றாள். “அந்தக் கங்காணி அங்கயும் வந்துட்டானா?”

நான் விளக்கினேன். பாடம் சொல்லிக்கொடுக்கிறவர் நிற்பார், கேட்கிற பிள்ளைகள்தான் உட்காருவார்கள், நான் இப்போது டீச்சர், நிற்பதுதான் அங்கே மரியாதை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வகுப்பில் நாற்காலி ஒன்று இருக்கிறது, நினைத்தால் உட்காரலாம் என்றும் சொன்னேன். சரி சரி என்றாள். வீட்டுக்கு வந்த பிள்ளை கஷ்டத்தைச் சொல்லாது என்று நினைக்கும் அதே முகம். பிறகு கையை நீட்டி என் காலைத் தேடிப் பிடித்து, தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கை கொதித்தது. வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே கெண்டைக்காலை அமுக்கிவிட ஆரம்பித்தாள். வேண்டாம் என்று சொன்னால் கேட்கவில்லை.

என் படிப்பைப் பற்றி அவளுக்கு நான் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். அடுத்த காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அன்றைக்கு மத்தியானம் அப்பா மரத்திலிருந்து வந்து வாசலில் நிற்கும்வரை அவள் என் காலை விடவில்லை.